அந்தமான் வழியில் ஒரு பம்பாய் விமானம்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சர்ச்சிலிருந்து வந்திருந்த முப்பது நாற்பது பேருக்கு முன்னால், மேற்கு வானத்தைச் சுட்டிக்காட்டி "அதோ, அதுதான் வெள்ளிக் கிரகம்" என்று அறிவித்தவன் நான். கிறிஸ்துமஸ் வாரம். குழந்தை இயேசுவைத் தேடி சாஸ்திரிகள் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த கதையை ஒட்டி வானத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுமாறு போதகர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச வெள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு அதன் வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டியது. கடைசியில் அது பம்மல் பக்கமாகத் தாழ்ந்து மீனம்பாக்கத்தில் போய் இறங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், என்மேல் இரக்கப்பட்ட குரலில், "பாம்பே ஃப்ளைட் சார். தினம் ஏழு மணிக்கு வரும்" என்றார். கூட்டம் கேக் சாப்பிடக் கீழே போனது.

அன்று ஒரு சபதம் செய்துகொண்டேன். இனி மேற்கு வானத்தில் எது பளபளத்தாலும் அதை விமானம் என்றே எடுத்துக்கொள்வது. கிரகம் என்று நிரூபிக்க வேண்டியது அதன் பொறுப்பு. சபதங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் கப்பலேற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

1988 மே மாதம். என் மனைவி சுகந்தியின் தம்பி ஜெயசீலன், சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஓடும் ஒரு பழைய பயணிகள் கப்பலில் இரண்டாவது அதிகாரி. கப்பல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது அவன் வேலை. "வானத்தைப் பத்தி அவ்வளவு பேசுறீங்களே அத்தான், ஒரு தடவை கடல்ல வந்து பாருங்க" என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், மூன்று நாள். சுகந்தி வர மறுத்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போனா பசங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் கேலி இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. கோவளத்தில்கூட முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. பயம் எனக்குத் துறைமுகத்தில் தொடங்கியது என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மையில் அது தாம்பரம் முதல் பிளாட்பாரத்தில், அதிகாலை மின்சார ரயிலுக்காக நிற்கும்போதே தொடங்கிவிட்டது.

கடற்கரை நிலையம் வரை முப்பது கிலோமீட்டர். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா என்பதால் பாஸ். அங்கிருந்து துறைமுக வாசலுக்கு ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கேட்டு ஏழுக்கு இறங்கினார். பெட்டியைப் பார்த்து எங்கே பயணம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"இன்னா சார், அந்தமானா? இன்னா கேஸு?"

சும்மா சுற்றிப் பார்க்க என்றேன். "அப்போல்லாம் கவருமெண்டே இட்டுக்கினு போய் வுடும். நீ காசு குட்த்துப் போறே" என்றார். இறங்கும்போது, பத்திரமாய் வா சார் என்று அவர் சொன்னதைத்தான் நான் ரசிக்கவில்லை.

பங்க் வகுப்பு என்பது கப்பலின் அடிவயிற்றில் மூன்றடுக்குப் படுக்கைகள் போட்ட ஒரு கூடம். டிக்கெட் நூற்றுச் சொச்சம். டீசலும் எலுமிச்சை ஊறுகாயும் கலந்த வாசனை. என் படுக்கைக்குக் கீழே, எங்கள் தாம்பரம் பக்கத்து முடிச்சூரிலிருந்து வந்த ஏகாம்பரம். நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, போர்ட் பிளேரில் காண்டிராக்ட் எடுக்கும் மருமகனைப் பார்க்கப் போகிறவர். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். கோழை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். என் மச்சான் கப்பல் அதிகாரி என்று தெரிந்ததும் அவருக்கு நான் பாதி கேப்டன் ஆகிவிட்டேன். விழித்ததும் முதல் கேள்வி, "சார், இப்போ எங்க கீறோம்?"

முதல் நாள் சாயங்காலம் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஜெயசீலன் என்னை மேல்தளத்தில் கப்பலை ஓட்டும் அறைக்கு அழைத்துப் போனான். இருபுறமும் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் திறந்த தளங்கள், இறக்கை என்கிறார்கள். அங்கே நின்று செக்ஸ்டன்ட் என்ற கருவியால் நட்சத்திரம் கடல் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கிறான். ஒரு நட்சத்திரத்தை அளந்தால் வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும். கப்பல் அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது. இரண்டாவது நட்சத்திரம் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் கப்பல். மூன்றாவது, முதல் இரண்டும் பொய் சொல்லவில்லையே என்று சரிபார்க்க.

எனக்கு எல்லாமே சுலபமாகப் பட்டது. இருக்கிற நட்சத்திரத்தில் மூன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

"பொண்ணு பாக்குற மாதிரி அத்தான். இருக்கு இருக்குன்னுதான் தோணும், எடுக்கப் போனா ஒண்ணும் தேறாது" என்றான். விளிம்புக்கு மிகப் பக்கத்தில் உள்ளது வேண்டாம். காற்று வெளிச்சத்தை வளைத்துவிடும். உச்சிக்கு மேலே உள்ளது வேண்டாம். அளக்கக் கழுத்து போதாது. மங்கல் வேண்டாம். முக்கியமாக, எல்லாம் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. வானத்தைச் சுற்றிப் பரந்து இருக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமும் கிடையாது. வெளிச்சம் இருந்தால் நட்சத்திரம் தெரியாது, இருட்டினால் கடல் விளிம்பு தெரியாது. இரண்டும் சேர்ந்து தெரிவது சூரியன் மறைந்தபின் ஒரு இருபது நிமிடம். அதற்குள் தேர்வு, அளவு, எல்லாம்.

அவன் வெள்ளியில் தொடங்கி நாலைந்து அளந்தான். ஒவ்வொன்றின் ஆங்கிலப் பெயரையும் அவன் சொல்ல, நான் சித்திரை, சுவாதி, மகம் என்று பதிலுக்குச் சொன்னேன். கிறிஸ்தவனான எனக்கு இந்தப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தது அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் ஜாதகம் பார்க்கும் நண்பர். ஜெயசீலன் அசந்துபோனான். நான் அதைவிட அசந்துபோனேன். கீழே வந்து ஏகாம்பரத்திடம், நாம் இருக்கும் இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும் என்றேன்.

இரண்டாம் நாள் விடிந்தபோது வானம் இல்லை. சாம்பல் நிறத் துணியைக் கடல்மேல் போர்த்தியதுபோல் மேகம். அலை பெரிதாகி, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே நின்று, நிமிரலாமா என்று யோசித்து, பிறகு நிமிர்ந்தது. அந்த யோசனை நேரத்தில் கூடம் முழுவதும் பேச்சு நின்றுவிடும். செயற்கைக்கோளிடம் கேட்டு இடத்தைச் சொல்லும் பெட்டி ஒன்று கப்பலில் இருந்தது. அது அன்று காலை வெறும் கோடுகளைக் காட்டிவிட்டு அணைந்தது. மத்தியானச் சூரியன் இல்லை, மாலை நட்சத்திரம் இல்லை, மறுநாள் காலையும் இல்லை. போன வேகம் இவ்வளவு, போன நேரம் இவ்வளவு, ஆகவே இங்கே இருக்கலாம் என்று வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார்கள். அந்த "இருக்கலாம்" எனக்குச் சரிப்படவில்லை.

ஜெயசீலன் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தான். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. சாப்பாட்டு மேஜையில் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொன்னான்: மூன்றாம் நாள் இரவு தெற்கு அந்தமானைச் சுற்றி, தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்க்குள் நுழைய வேண்டும். அதன் மேற்குப் பக்கம் பவளப்பாறை. ரேடாரில் தெரியாதா என்றேன். மழையில் திரை முழுக்க ரவையைக் கொட்டினதுபோல் இருக்கிறது, பாறை தண்ணீர் மட்டத்தில் படுத்திருக்கும் என்றான்.

"இன்னைக்கு சாயங்காலம் வானம் கொஞ்சம் திறக்கணும். அவ்வளவுதான் அத்தான்."

அன்று மத்தியானம் ஏகாம்பரம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வங்காள விரிகுடாவில் என்றேன். "கடலுன்னு எனக்கே தெரியும் சார். அதுல எங்க?" என்றார். கூடத்தில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நான் மேலே போய்விட்டேன்.

மூன்றாம் நாள் சூரியன் என் தாம்பரத்துக் கடிகாரத்தில் ஐந்தரைக்கே மறைந்தது. அவ்வளவு தூரம் கிழக்கே வந்துவிட்டோம். ஐந்து முப்பத்தைந்துக்குக் கிழக்கு வானம் கிழிந்தது. கப்பலின் மூக்குக்கு நேரே, மேகத்துக்கு நடுவே நீலமாக ஒரு பெரிய திறப்பு. ஜெயசீலன் செக்ஸ்டன்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் ஓடினான். கப்பலின் பின்பக்கம், புகைபோக்கிக்கு அப்பால் இருக்கும் மேற்கு வானம், அவனுக்குத் தெரியாது. என்னை இறக்கையின் விளிம்பில் நிறுத்தி, "மேற்க எது தெரிஞ்சாலும், எது தெரிஞ்சாலும், உடனே கத்துங்க" என்றான். இரண்டு முறை சொன்னான்.

கிழக்கில் முதலில் சுவாதி வந்தது. பிறகு சித்திரை. பிறகு அஸ்தம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேற்கைப் பார்க்க வேண்டிய நான் திரும்பி நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னேன். மூன்றையும் அளந்துவிட்டான். கிழக்கு விளிம்பு கரேலென்று, ஸ்கேலால் கோடு போட்டதுபோல் இருந்தது.

அப்போதுதான் மேற்கே திரும்பினேன். மேகத்தில் சின்ன ஓட்டை. அதற்குள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமாக ஒன்று, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கீழே பயணிகள் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏகாம்பரமும் அதைப் பார்த்தார். அண்ணாந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"சார், பாம்பே ஃப்ளைட்டு எறங்குது பாரு."

"இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டான்" என்றேன் நான்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். முடிச்சூர்க்காரரும் சேலையூர்க்காரனும் மீனம்பாக்கத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தண்ணீர்மேல் நின்றுகொண்டு, பம்பாய் விமானம் நேரத்துக்கு முன்னால் வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். இரண்டு நாளில் எனக்குப் பயம் விட்டுப்போன ஒரே நிமிடம் அது. ஊர் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. ஓட்டை மூடிக்கொண்டது.

ஜெயசீலன் கணக்குப் போட உள்ளே போய்விட்டான். கேப்டன் வெளியே வந்தார். தூத்துக்குடிக்காரர், குரலை உயர்த்தாத மனிதர். கிழக்கில் என்னென்ன கிடைத்தது என்று கேட்டார். மூன்று நட்சத்திரத்தையும் நானே பெற்று வளர்த்ததுபோல் சொன்னேன்.

"மேற்க ஒண்ணும் கிடைக்கலையா?"

"இல்ல சார். ஒரு ஃப்ளைட்தான் இறங்கிட்டிருந்தது."

"எங்க?"

கையை நீட்டிக் காட்டினேன்.

"எந்தத் திசைன்னு கேக்கல சார். எங்க இறங்கிட்டிருந்தது?"

நான் அந்தத் திசையைப் பார்த்தேன். தண்ணீர். அதற்குப் பின்னால் தண்ணீர். அதற்கும் பின்னால், மூன்று நாள் தொலைவில், மீனம்பாக்கம். இறங்கியது விமானமல்ல, மேலே ஏறியது மேகம். மேகம் நகர்ந்தால் நிற்கிற வெளிச்சம் நகர்வதுபோல் தெரியும் என்று சேலையூர் மாடியில் நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

கேப்டன் என்னைத் திட்டவில்லை. உள்ளே பார்த்து, "செகண்ட், வெள்ளி மேற்க இருக்கு. வெளிய வாங்க" என்றார். ஜெயசீலன் ஓடி வந்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை; அவனுக்கு நான் பதினைந்து வருடமாக அத்தான். பிறகு மூவரும் மூடிய மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேற்கு விளிம்பு மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. கீழே யாரோ ஒரு பெண் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே அதோ பார் இதோ பார் என்று சொல்வது கேட்டது. நான் ஜெபம் செய்ய முயன்றேன். "இன்னும் ஒரு தடவை" என்பது மட்டும் வந்தது.

மேகம் திறந்தது. முழுதாக அல்ல, ஜன்னல் கதவை ஒருக்களித்ததுபோல். ஜெயசீலன் கருவியைக் கண்ணில் வைத்து, கப்பலோடு சேர்ந்து ஆடி, ஆடி, "இப்போ" என்றான். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் மூடியது. கொஞ்ச நேரத்தில் விளிம்பும் போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு.

வரைபட மேஜையில் சிவப்பு விளக்கின் கீழ் கோடுகள் விழுந்தன. கிழக்கு நட்சத்திரங்கள் மூன்றும் அரிசி மணி அளவு முக்கோணத்தில் கூடின. அவ்வளவு அழகான கூடலைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நாலாவதாக வெள்ளியின் கோட்டைப் போட்டான். அது முக்கோணத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. பன்னிரண்டு மைல் தள்ளி, பாறைக்குப் பக்கமாக, தனியாகப் போனது.

மூணு பேர் சொல்றதுதானே சரியாக இருக்கும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மூணு சாட்சியும் ஒரே வீட்டு ஆளுங்க சார்" என்றார் கேப்டன். "ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. ஒருத்தன் ஏமாந்திருந்தா மூணு பேரும் சேர்ந்து ஏமாந்திருப்பாங்க."

ஜெயசீலன் பென்சிலைக் கீழே வைத்தான். கிழக்கே ஸ்கேலால் கோடு போட்டதுபோல் கரேலென்று இருந்தது கடல் விளிம்பாக இருக்காது; மழையின் அடி ஓரமாக இருக்கும் என்றான். உண்மையான விளிம்பு அதற்குக் கீழே. அதனால் மூன்று நட்சத்திரமும் இருப்பதைவிடத் தாழ்வாக அளக்கப்பட்டு, கப்பலைப் பன்னிரண்டு மைல் பின்னால் தள்ளிக் காட்டியிருந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சாட்சி வராமல் போயிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. அரிசி மணி முக்கோணத்தை நம்பி, வேகமாக, அமைதியாகப் போயிருப்போம்.

கேப்டன் கப்பலைத் தெற்கே திருப்பி, வேகத்தைக் குறைத்து, விடியும் வரை காத்திருக்கச் சொன்னார். நான் கீழே போய் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஏகாம்பரம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். தெரியாது என்றேன். மூன்று நாளில் நான் அவருக்குச் சொன்ன முதல் சரியான தகவல் அதுதான். அவரும் தலையணையாக இருந்த அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

காலையில் மேலே போனபோது மழை விட்டிருந்தது. இடது பக்கம், தொலைவில், கடலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. அலை என்றுதான் முதலில் நினைத்தேன். மற்ற அலைகள் இடம் மாறின, அது மாறவில்லை. பக்கத்தில் நின்ற ஜெயசீலன் அதைக் காட்டவும் இல்லை, பேர் சொல்லவும் இல்லை. டீ குடிக்கிறீர்களா அத்தான் என்று கேட்டான்.

போர்ட் பிளேரில் ஐந்து நாள் இருந்தேன். சிறைச்சாலை, மர அறுப்பு ஆலை, கண்ணாடித் தண்ணீர் எல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி வேறு யாராவது நன்றாக எழுதுவார்கள். எனக்கு அங்கே பார்த்த எல்லாவற்றின் மேலும் அந்த வெள்ளைக் கோடு வந்து வந்து போனது. திரும்பவும் கப்பல்தான், விமானத்துக்கு வசதியில்லை, தவிர விமானங்களோடு எனக்குச் சுமுகமில்லை.

இப்போதும் சாயங்காலங்களில் மொட்டை மாடிக்குப் போகிறேன். கேம்ப் ரோட்டில் பஸ் ஹாரன், வண்டலூர் பக்கம் போகும் ரயிலின் கூவல், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம். கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே இருக்கிறேன் என்று தெரிகிறது. இந்தச் சுகத்துக்கு மூன்று நட்சத்திரம் வேண்டியதில்லை, எதிர்ப்பக்கத்துச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் மேற்கே ஏதாவது பளிச்சென்று தெரிந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. அது இறங்கும்வரை, அல்லது இறங்காமலே இருக்கும்வரை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஜெயசீலன் விடுமுறையில் வந்தான். சாப்பிடும்போது, கேப்டன் என்னைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னான். வெள்ளியை முதலில் பார்த்தவன் என்ற முறையில் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பார் என்று நான் சுகந்தி பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். என்ன கேட்டார் என்றேன்.

"உங்க அத்தானுக்கு என்ன வேலைன்னு கேட்டார். ரயில்வேன்னேன்" என்றான் ஜெயசீலன், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "'நல்லவேளை, அதுக்குத் தண்டவாளம் இருக்கு'ன்னார்."